பசி அடங்கியிருக்கும் இந்த மாதங்களில்

தஞ்சாவூர்

அன்பு மகள் கயலுக்கு,

நேற்றிரவு தொலைபேசியில், "அப்பா, எடை குறைக்கும் ஊசி போடத் தொடங்கியதிலிருந்து பதினொரு கிலோ குறைந்துவிட்டது, மதியம் சாப்பிடக்கூட மறந்துபோகிறேன்" என்று நீ சொன்னாய். எடை குறைந்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். சாப்பிட மறந்துபோகிறேன் என்றாயே, அதுதான் என்னை இரவெல்லாம் தூங்கவிடவில்லை.

அதைப் பற்றி எழுதுமுன் உன்னிடம் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும். நீ பிளஸ் டூ படித்தபோது, உறவினர்கள் சுற்றி அமர்ந்திருந்த பந்தியில், "வாயைக் கட்டினால் எடை தானாகக் குறையும்" என்று சொல்லி உன் இலையிலிருந்த இரண்டாவது பூரியை நான் எடுத்துவிட்டேன். நீ அழாமல் எழுந்து போனது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. முப்பத்தோரு ஆண்டுகள் மருந்தாளுநராக வேலை பார்த்த நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. எடை குறையக் குறைய உடல் அதைப் பஞ்சம் என்றே எடுத்துக்கொள்கிறது. பசியைத் தூண்டும் ஹார்மோன் சுரப்புகளைக் கூட்டி, செலவழிக்கும் ஆற்றலைக் குறைத்து, பழைய எடைக்கே திரும்பப் பார்க்கிறது. மூன்று முறை நீ பட்டினி கிடந்து குறைத்த எடை மூன்று முறையும் திரும்பி வந்தது உன் மனவுறுதி குறைந்ததால் அன்று. ஆகவே இந்த ஊசியைப் போட்டுக்கொள்வதை உன் மாமியார் வீட்டிலோ அலுவலகத்திலோ குற்றம்போல மறைக்க வேண்டியதில்லை.

நாம் உண்டதும் குடலில் சுரந்து "போதும்" என்று மூளைக்குச் சொல்லும் இயற்கையான சுரப்பு சில நிமிடங்களிலேயே சிதைந்துவிடும். நீ போட்டுக்கொள்ளும் டிர்செபடைட், அத்தகைய இரண்டு குடல் சுரப்புகளின் வேலையை நாள்கணக்கில் செய்வதால்தான் வாரம் ஓர் ஊசி போதுமாகிறது. மருந்து உடலில் இருக்கும்வரைதான் இந்த வேலை நடக்கும் என்பதையும் மறந்துவிடாதே. 2023 இறுதியில் வெளியான ஆய்வு ஒன்றில், இதே மருந்தை 36 வாரம் போட்டுக்கொண்ட 670 பேருக்கு எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அதன்பின் அவர்களில் பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று ஊசி கொடுக்கப்பட்டபோது, ஓராண்டில் 14 விழுக்காடு எடை திரும்ப ஏறியது. மருந்தைத் தொடர்ந்தவர்களுக்கோ மேலும் 5.5 விழுக்காடு குறைந்தது. பொங்கலுக்குள் எழுபது கிலோவைத் தொட்டதும் நிறுத்திவிடுவேன் என்கிறாயே, அதை நீயாக முடிவு செய்யாதே. இரத்த அழுத்த மாத்திரையைப் போல இதையும் நீண்ட காலம் எடுக்க வேண்டியிருக்கலாம். எவ்வளவு காலம், எந்த அளவில் என்பதை மருத்துவரிடம் இப்போதே கேள்.

அப்படியானால் நடையும் உடற்பயிற்சியும் எதற்கு என்று நீ கேட்பாய். கோபன்ஹேகனில் நடந்த ஆய்வு ஒன்று என் மனத்தில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. 2021இல் வெளியான அந்த ஆய்வில் 195 பேர் முதலில் எட்டு வாரம் கடுமையான உணவுக் கட்டுப்பாட்டால் எடை குறைத்தார்கள். பிறகு ஓராண்டுக்குச் சிலர் இதேபோலப் பசியைக் குறைக்கும் லிராகுளுடைட் என்ற ஊசியை மட்டும் போட்டுக்கொண்டார்கள். சிலர் உடற்பயிற்சி மட்டும் செய்தார்கள். சிலர் இரண்டையும் சேர்த்துச் செய்தார்கள். மீதிப் பேருக்கு வெற்று ஊசி. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கே கொழுப்பு மிக அதிகமாகக் குறைந்தது. எல்லாவற்றையும் நிறுத்தி ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, ஊசியை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு எடை அதிகமாகத் திரும்பியிருந்தது. உடற்பயிற்சியும் சேர்த்துச் செய்தவர்கள் குறைத்ததில் பெரும்பங்கைக் காத்துக்கொண்டிருந்தார்கள். பசி உன்னைத் துரத்தாத இந்த மாதங்களில்தான் புதிய பழக்கம் எளிதாக வேர்விடும், கயல். முன்பெல்லாம் பசியோடு போராடவே உன் பலம் முழுவதும் போயிற்று.

சென்ற மாதம் இரயிலில் பெட்டியை மேலே தூக்கி வைக்க முடியாமல் பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்டாய் என்று உன் அம்மா சொன்னாள். ஆறு மாதத்துக்கு முன், தொண்ணூறு கிலோவுக்கு மேல் இருந்தபோது, அதைவிடக் கனமான பெட்டியை நீயே தூக்கினாய். இந்த மருந்தால் குறையும் எடையில் ஏறத்தாழ கால்பங்கு கொழுப்பல்லாத திசு. உன் கணக்கில் அது மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு, அதில் தசையும் உண்டு. எடைபார்க்கும் கருவிக்கு இந்த வேறுபாடு தெரியாது. மதிய உணவையும் விட்டுவிட்டால் அந்த இழப்பு கூடும். உன் எடைக்கு நாளொன்றுக்கு எண்பது கிராம் புரதமாவது வேண்டும். நீ காலையில் கொறிக்கும் இரண்டு இட்லியில் நான்கைந்து கிராம்தான் இருக்கும். சிறிதளவே இறங்குகிறது என்றால், அந்தச் சிறிதளவில் முட்டை, சுண்டல், பனீர், மீன் ஆகியவற்றை முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்குப் போ. வாரத்தில் இரண்டு நாளாவது எடை தூக்கும் பயிற்சி செய். நடை மட்டும் தசையைக் காக்கப் போதாது. ஜிம் கூச்சமாக இருந்தால் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதும், சுவரில் கை ஊன்றித் தள்ளுவதும், தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைத் தூக்குவதுமே தொடக்கத்துக்குப் போதும்.

இந்த ஊசியால் வரக்கூடிய மலச்சிக்கலுக்குத் தண்ணீரும் கீரையும் உதவும். வயிற்றின் மேற்பகுதியில் தொடங்கி முதுகுக்குப் பரவும் கடுமையான வலி வந்தால் மட்டும் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதே. அது கணைய அழற்சியாக இருக்கலாம். குழந்தை பற்றி நீங்கள் இருவரும் யோசித்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும், இந்த ஊசி கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கக்கூடும் என்பதையும் எழுதச் சொல்லி உன் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள்.

அடுத்த வாரம் உன் சித்தப்பா பெங்களூருக்கு வருகிறார். அவரிடம் கொடுத்தனுப்பும் பொட்டலத்தில் கொண்டைக்கடலையும் பச்சைப்பயறும் இருக்கின்றன. நீ கேட்ட முறுக்கும் கொஞ்சம் இருக்கிறது, அதைப் பொட்டலத்திலிருந்து எடுத்துவிட வேண்டாம் என்று நானே சொன்னேன். நாளை மதியம் ஒரு மணிக்கு அழைக்கிறேன். அப்போது உன் எதிரே ஒரு தட்டு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா