யானைமலை: பெயரும் கதையும்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். தங்களுக்குப் பேத்தி பிறந்த செய்தியறிந்து வீட்டில் அனைவரும் மகிழ்ந்தோம். மதுரை யானைமலையின் பெயர்க் கதையைக் கேட்டிருந்தீர்கள். எனக்கு மிகவும் பிடித்த பொருள் அது.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் ‘யானை எய்த படலம்’ இக்கதையைச் சொல்கிறது. பாண்டியனை வெல்ல முடியாத சோழன் சமணரைக் கொண்டு வேள்வி செய்விக்க, அதிலிருந்து எழுந்த மாய யானை மதுரையை அழிக்க வந்தது. சோமசுந்தரர் வேடனாய் வந்து நரசிங்கக் கணையை எய்ய, யானை வீழ்ந்து மலையாயிற்று. நாகமலைக்கும் பசுமலைக்கும் இதே போன்ற கதைகள் உண்டு.

ஒத்தக்கடைப் பக்கமிருந்து பார்த்தால், துதிக்கையை நீட்டிப் படுத்திருக்கும் யானை போலவே அந்தப் பெரும்பாறை தெரியும். பெயர் வடிவத்தால் வந்தது என்பதிலும், கதை பின்னர் வந்து சேர்ந்தது என்பதிலும் எனக்கு ஐயமில்லை. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் ஆலவாய்ப் பதிகத்தில் ‘ஆனைமாமலை ஆதியாய இடங்களில்’ என்று சமணரோடு சேர்த்து இம்மலையைச் சொல்கிறார். மாய யானையைப் பற்றி அங்கே பேச்சே இல்லை.

நரசிங்கக் கணை எங்கிருந்து வந்தது என்பதற்கும் மலையடிவாரத்திலேயே விடை இருக்கிறது. அங்குள்ள நரசிங்கப் பெருமாள் குடைவரையைப் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சன் மாறன் காரி கி.பி. 770இல் அமைத்தான். நீர் தெளித்துக் குடமுழுக்குச் செய்யுமுன்பே அவன் இறந்துவிட, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்து அதை நிறைவேற்றினான் என்று அங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு கூறுகிறது. ஏற்கெனவே நின்ற இக்கோயிலையும் யானை வடிவ மலையையும் இணைக்கவே கதை அந்தக் கணையை எடுத்துக்கொண்டது என்று நினைக்கிறேன்.

சமணரைப் பகைவராக்கிய கதை இது. ஆயினும் அவர்கள் இங்கு வாழ்ந்ததை அதனால் மறைக்க முடியவில்லை. மலைமேல் கற்படுக்கைகளும், தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் பொறித்த வாசகமும், அச்சணந்தி என்ற சமண முனிவரின் பெயரோடு தீர்த்தங்கரர் சிற்பங்களும் இன்றும் உள்ளன. சிற்பங்களில் பழைய சுதைப்பூச்சும் வண்ணமும் சற்றே ஒட்டியிருக்கின்றன. தாங்கள் மதுரைக்கு வரும்போது நரசிங்கம் கோயிலோடு திரும்பிவிடாமல், வெயில் ஏறுமுன் மேலேயும் சென்று அவற்றைப் பார்த்துவிடுவோம்.

என்றும் அன்புடன்,
தங்கள் நண்பன்