மனு யார் மேலயோ, அவர் கைக்கே போகுது

ஆசிரியர் சார் வணக்கம்,

போன வாரம் உங்க பேப்பர்ல லஞ்ச ஒழிப்பு போலீஸ் ஒருத்தர கையும் களவுமா புடிச்ச நியூஸ் வந்துச்சுல்ல, அத படிச்சுட்டு எங்க கடைக்கு வந்தவங்க எல்லாம் 'பாத்தியா, ஒரு மனு போட்டா போதும் தூக்கிடறாங்க'ன்னு பேசிக்கிட்டாங்க. எனக்கு சிரிப்புதான் வந்துச்சு. நான் சேலம் கலெக்டர் ஆபீஸ் பக்கத்துல டைப்பிங், ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன், திங்கக்கிழமை மனு வாங்கற நாளுன்னா 8 மணிக்கே ஷட்டர் முன்னாடி ஆளுங்க நிப்பாங்க, இத்தன வருஷத்துல நான் அடிச்ச மனுவ எல்லாம் அடுக்குனா சேர்வராயன் மலைக்கு பக்கத்துல இன்னொரு மலை வரும் சார்.

இந்த வருஷம் மழைக்கு முன்னாடி ஏற்காடு பக்கம் இருந்து ஒரு அம்மா வந்துச்சு. 70 வயசு இருக்கும், மொத பஸ்ஸ புடிச்சு 20 கொண்டை ஊசி வளைவுலயும் தலை சுத்தி வாந்தி எடுத்துக்கிட்டே இறங்கி வந்துச்சாம். கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு போட்ட நெலம், செத்துப்போன புருஷன் பேர்ல இருக்கு, பட்டாவ தன் பேருக்கு மாத்தணும், அதுக்கு ஒருத்தர் 8,000 ரூபா கேட்டிருக்கார். நானும் வழக்கம் போல 'பட்டா மாறுதல் செய்து தர வேண்டியும், லஞ்சம் கேட்டவர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டியும்'னு ஒரே தாள்ல அடிச்சு கொடுத்துட்டேன். அது என் தப்பு, ஒத்துக்கறேன்.

கேட்ல போலீஸ் பைய சோதனை போட்டு, தண்ணி பாட்டில மூடி தெறந்து மோந்து பாத்து உள்ள விட்டாங்க (யாராவது மண்ணெண்ணெய் ஊத்தி கொளுத்திக்குவாங்களோன்னு பயம்). உள்ள கம்ப்யூட்டர்ல ஏத்தறவங்க மொத வரிய படிச்சாங்க, பட்டா மாறுதல், வருவாய்த்துறை, முடிஞ்சுது. மனு அப்படியே தாலுகா ஆபீஸ் போயி, அங்கருந்து கீழ எறங்கி, கடைசில 'விசாரித்து அறிக்கை தரவும்'னு யாருகிட்ட போச்சுன்னு நெனைக்கறீங்க? காசு கேட்ட அதே ஆள்கிட்ட. அவரே போன் பண்ணி 'ஏம்மா என் மேலயே மனுவா, சரி வா பேசிக்கலாம்'னு சொல்லிருக்கார். கொஞ்ச நாள்ல 'மனு மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது'ன்னு மெசேஜ். என்ன நடவடிக்கை, யாரு எடுத்தா, ஒண்ணும் கிடையாது. அந்தம்மா போன நீட்டி 'இதுல என்ன கண்ணு போட்டிருக்கு'ன்னு கேட்டப்போ நான் படிச்சுக்கூட காட்டல, பேச்ச மாத்திட்டேன்.

அதனால இப்பல்லாம் நான் ரெண்டு மனுவாதான் அடிப்பேன், கோரிக்கை தனி, புகார் தனி. புகார்ல பட்டா பத்தி கேக்கவே கூடாது, யாரு, எந்த தேதி, எந்த இடம், எவ்வளவு கேட்டாரு, கூட யாரு இருந்தா, அவ்ளோதான். அப்புறம் மொட்டை கடுதாசி எழுதிக்கொடுன்னு வர்றவங்கள நான் திருப்பி அனுப்பிடுவேன், பேர் இல்லாத தாள யாரு சார் மதிக்கறாங்க.

காசு கேட்டு இன்னும் கொடுக்கலன்னா நேரா லஞ்ச ஒழிப்பு போலீஸ்தான். மொதல்லயே அவங்ககிட்ட சொல்லிட்டு அவங்க சொல்ற மாதிரி கொடுத்தா நம்ம மேல கேஸ் வராது. 2018ல ஊழல் தடுப்பு சட்டத்த மாத்துனதுக்கு அப்புறம் லஞ்சம் கொடுக்கறதும் குற்றம், ஆனா கட்டாயப்படுத்தி வாங்கிட்டாங்கன்னா 7 நாளுக்குள்ள புகார் கொடுத்தா தப்பிக்கலாம், இது நம்ம ஜனங்க முக்கால்வாசி பேருக்கு தெரியாது. அங்க நோட்டு நம்பர குறிச்சுக்கிட்டு பினாப்தலின் பவுடர தடவி கொடுப்பாங்க, வேற டிபார்ட்மென்ட் ஸ்டாஃப் ரெண்டு பேர் சாட்சி, வாங்குனவர் கைய சோடியம் கார்பனேட் தண்ணில முக்குனா ரோஸ் கலர் ஆயிடும். உங்க பேப்பர்ல போட்டோ வர்றது இந்த கேஸ்தான். மத்ததெல்லாம் போட்டோ இல்லாத கேஸ். சொத்து சேத்தாரு, டெண்டர்ல கோல்மால்னு புகார் கொடுத்தா மொதல்ல பூர்வாங்க விசாரணை, அப்புறம் விரிவான விசாரணை, அதுக்கப்புறம்தான் எஃப்ஐஆர். ஊழல் புகார்ல இப்படி முன்கூட்டி விசாரிக்கலாம்னு சுப்ரீம் கோர்ட்டே 2013ல சொல்லிடுச்சு. அந்த அதிகாரி ஆபீஸ்ல எடுத்த முடிவு பத்தின புகார்னா விசாரிக்கவே அதே சட்டத்துல 17ஏ பிரிவுன்னு அரசாங்கத்துகிட்ட ஒரு முன் அனுமதி வேற வாங்கணும். ஸ்பாட்ல புடிக்கறதுக்கு மட்டும் அது வேண்டாம்.

ஊழல் புகார விசாரிக்கறதுக்குன்னே லோக் ஆயுக்தா அமைப்பு இருக்கேன்னு கேப்பீங்க. சுப்ரீம் கோர்ட் கெடு வெச்ச கடைசி நேரத்துல 2018 ஜூலைல சட்டசபைல பாஸ் பண்ணாங்க, உள்ளாட்சி, கான்ட்ராக்ட் எல்லாம் அதுல வராதுன்னு எதிர்க்கட்சி வெளிநடப்பு பண்ணுச்சு. உள்ளாட்சிக்கு முறைமன்ற நடுவம்னு 2014 சட்டத்துல தனியா ஒண்ணு. ரெண்டுமே சென்னை. படிவம், பிரமாண பத்திரம், பொய்னு ஆச்சுன்னா தண்டனைன்னு படிச்சு காட்டுனா எங்க கடைல பாதி பேர் அங்கயே எந்திரிச்சு போயிடறாங்க.

நான் எழுத வந்ததே விசாரணை பத்திதான். கோர்ட் இல்லாம துறைக்குள்ளயே எடுக்கற நடவடிக்கைன்னா, அரசு ஊழியர் ஒழுங்கு விதில இருக்கற நம்பர வெச்சு நம்மூர்ல 17பி சார்ஜ்னு சொல்வாங்க. குற்றச்சாட்ட எழுதி அந்த அதிகாரிகிட்ட கொடுப்பாங்க, அவரு விளக்கம் கொடுக்க டைம் உண்டு, விசாரணை அதிகாரி போடுவாங்க, சாட்சிய குறுக்கு விசாரணை பண்ற உரிமையும் அவருக்கு உண்டு. அது வேணும் சார், நான் வேண்டாம்னு சொல்லல. நம்ம ஊர் வக்கீல், காங்கிரஸ் தலைவர் சி. விஜயராகவாச்சாரியாரையே 1882 சேலம் கலவரத்துக்கு அப்புறம் முனிசிபல் கவுன்சில்ல இருந்து தூக்குனாங்க, ஒரு வார்த்தை கேக்காம எப்படி தூக்கலாம்னு அவரு அரசாங்கம் மேலயே கேஸ் போட்டு ஜெயிச்சாரு. கேட்டுட்டுதான் தண்டிக்கணும்னு நாட்டுக்கே சொன்ன ஊரு இது.

ஆனா புகார் கொடுத்தவங்கள யாரு கேக்கறா? புகார்தாரர் அங்க வெறும் சாட்சி. சம்மன் வந்தா போகணும், மேஜைக்கு அந்தப்பக்கம் நம்ம யார் மேல எழுதுனமோ அவரே உக்காந்திருப்பார், சொல்லிட்டு கையெழுத்து போட்டுட்டு வந்துடணும், அதோட சரி. என் கஸ்டமர் ஒருத்தர் அப்படி போயிட்டு வந்து ஒரு வருஷம் கழிச்சு என்னாச்சுன்னு 10 ரூபா ஸ்டாம்ப் ஒட்டி ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை) மனு போட்டார், அது அந்த ஊழியரோட தனிப்பட்ட தகவல்னு பதில் வந்துச்சு. ஊழியர் மேல எடுத்த ஒழுங்கு நடவடிக்கை விவரம் எல்லாம் பர்சனல்னு 2012 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு ஒண்ணு இருக்கு, அதத்தான் காட்டறாங்க. பொதுஜனத்துகிட்ட காசு கேட்டது எப்படிங்க அந்த ஊழியரோட பர்சனல்?

பெருசா ஒண்ணும் கேக்கல சார். யார் மேல புகாரோ அந்த ஆபீஸுக்கு அந்த மனுவ அனுப்பாதீங்க, மேல ஒரு படி இருக்கறவங்க விசாரிக்கட்டும், கம்ப்யூட்டர்ல அதுக்குன்னு ஒரு கட்டம் வைங்க. முடிவு என்னாச்சுன்னு புகார் கொடுத்தவங்களுக்கு ரெண்டு வரி லெட்டர் போடுங்க, அந்த ஆளோட சம்பளமும் சர்வீஸ் ரெக்கார்டும் எங்களுக்கு எதுக்கு. உங்க பேப்பர்ல யாராவது கலெக்டர்கிட்ட இத கேட்டு போட்டா நல்லாருக்கும்.

அந்தம்மா மறுபடி வந்துச்சு. ரெண்டு தாள், ரெண்டு கவர், புகார மட்டும் ஸ்பீட் போஸ்ட்ல ஒப்புகை அட்டையோட அனுப்பிருக்கோம், காசு வாங்கிக்கல. எழுத்து படிக்க வராதுல்ல, அதனால அட்டை என் கடை அட்ரஸுக்கே வர்ற மாதிரி போட்டிருக்கேன். இன்னும் வரல.

இப்படிக்கு,
டைப்பிங் கடைக்காரன்,
சேலம்.