தாத்தா என்ன வெளியாளா?

சார்செல், பிரான்ஸ்,
தை பிறக்க நாலு நாள்

அன்புள்ள அம்மாவுக்கு,

முதலியார்பேட்டை சித்தப்பாகிட்ட நீ கொடுத்தனுப்பின வடுமாங்காயும் கடிதமும் வந்து ஒன்றரை மாசம் ஆச்சு. வடுமாங்காய் தீர்ந்துபோச்சு, பதில்தான் எழுதலை. திட்டாதே. போன்ல பேசினா ஸ்பீக்கரைப் போட்டுடுவே, பக்கத்துல அப்பா இருப்பார். அவர் சமாச்சாரம், அதான் எழுதறேன்.

பேரன் தாத்தாவை "நீ எப்படி இருக்கே"ன்னு கேட்டுட்டான், மரியாதை சொல்லித்தர்றதில்லையான்னு கேட்டிருந்தே. அவனையே கூப்பிட்டு விசாரிச்சேன். பிரெஞ்சுலயும் நீ, நீங்க உண்டு: 'த்யு', 'வூ'. ஆனா இப்பல்லாம் வீட்டு ஆளுங்க பெரும்பாலும் 'த்யு'தான், தாத்தா பாட்டிகூட. கடைக்காரம்மா, முன்னப்பின்ன தெரியாதவங்களுக்குத்தான் 'வூ'. "தாத்தா என்ன வெளியாளா?"ங்கறான். இங்க ஜெபத்துல கடவுளையே 'த்யு'ன்னுதான் கூப்பிடறாங்க. நான் என்னத்தைச் சொல்ல? உன்னை நானே நீன்னுதானே எழுதறேன். இருந்தாலும் தாத்தாவுக்கு 'நீங்க' போடச் சொல்லியிருக்கேன். அப்பப்போ மறப்பான், அப்பாகிட்ட நீயே பக்குவமா சொல்லிவை.

வெளியில கெட்டிக்காரன். கடைக்குள்ள போனதும் முதல்ல 'போன்ழூர்'னு வணக்கம் சொல்லணும், அப்புறம்தான் எதையும் கேட்கணும். நான் வந்த புதுசுல நேரா ரொட்டி கேட்டுட்டேன். அந்தம்மா 'போன்ழூர்'னு மட்டும் சொல்லிட்டு, நான் திருப்பிச் சொல்றவரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு நின்னுச்சு. இவன் பஸ் டிரைவருக்குக்கூட மறக்காம சொல்றான்.

ஆனா போன மாசம் ஒண்ணு பண்ணான். கீழ் வீட்டுக் கிழவியைத்தான் உனக்குத் தெரியுமே, சாயங்காலம் மிக்ஸி போட்டாலே விளக்குமாத்துக் கட்டையால கூரையைத் தட்டுமே, அது. அந்தம்மா இடுப்பைச் சாய்ச்சுச் சாய்ச்சுப் படியேறும். இவன் பின்னாடியே அதே மாதிரி நடந்து காட்டி, கூட்டாளிங்க சிரிச்சிருக்காங்க. எனக்கு நம்ம பால்காரர் ஞாபகம் வந்துடுச்சு. அவரை மாதிரி நான் நொண்டிக் காட்டினதுக்கு, ஒத்தைச் செருப்போட, கையில நிறைஞ்ச சொம்புத் தண்ணியோட முத்தியால்பேட்டை மணிக்கூண்டு வரைக்கும் என்னை நடக்கவிட்டியே. இவனுக்கும் ஒத்தை ஷூ. லிஃப்ட் வேற ரிப்பேர். பால் பாட்டிலைக் கையில கொடுத்து மூணு மாடி ஏறவிட்டேன். ரெண்டாவது மாடியில "இடுப்பு வலிக்குதுப்பா"ன்னான்.

அப்போ என்னவோ தெரியலைம்மா, நம்ம வாசல், ராத்திரி வர்ற உப்புக்காத்து, நீ திண்ணையில உட்கார்ந்து கீரை ஆயறது எல்லாம் ஒண்ணா வந்து நின்னுச்சு. படியிலேயே உட்கார்ந்துட்டேன். "உனக்கும் வலிக்குதா?"ன்னு கேட்டான். ஆமான்னேன்.

இப்போ கிழவியோட பையை இவன்தான் மேலே தூக்கிட்டு வர்றான். அது தட்டறதை மட்டும் நிறுத்தலை.

குளிர் பரவாயில்லை. ஹீட்டர் ரொம்பப் போடறதில்லை, உடம்புக்கு ஆகாதாம். ராத்திரி ஷிப்ட் நானா கேட்டு வாங்கினதுதான், கவலைப்படாதே. பொங்கலுக்கு வரமுடியலை, ஆடிக்குள்ள பார்க்கலாம்.

மொட்டைமாடி ஒழுகறதுக்கு மேஸ்திரி சொன்ன தொகையில பாதியை இந்த மாசம் அனுப்பறேன், மீதியைச் சீட்டு எடுத்துக் கொடு. குடிவந்தவங்க அட்வான்ஸ்ல கைவைக்காதே. தங்கச்சி சீமந்தத்துக்குத் தேதி குறிச்சாச்சுன்னா உடனே எழுது. பால்காரர் இன்னும் வர்றாரா?

உன் பெரியவன்