ஹக்கின் மனசாட்சியைத் திருத்திவிடாதீர்கள்

உலக நாவல்களைச் சிறுவர்களுக்காகத் தமிழில் சுருக்கித் தரும் பதிப்பாசிரியர்களுக்கு,

வணக்கம். ஹக் என்ற வெள்ளைக்காரச் சிறுவன், தப்பியோடும் அடிமையான ஜிம்மோடு கட்டுமரத்தில் ஆற்றுவழி போகும் கதை, மார்க் ட்வைனின் 'ஹக்கிள்பெரி ஃபின்'. மொத்தம் 43 அத்தியாயங்கள். நூறு பக்கத்துக்குள் அடக்குவதென்றால் வெட்டாமல் முடியாது. எதை வெட்டினாலும் ஒரு சொல்லை மட்டும் தலைகீழாக்கிவிடாதீர்கள் என்று கேட்கவே இந்த மடல்.

மனசாட்சி என்பதுதான் அந்தச் சொல். தமிழில் அது எப்போதும் நியாயத்தின் பக்கமே நிற்கும். அதனால் 'மனசாட்சி உறுத்தியதால் ஹக் ஜிம்மைக் காப்பாற்றினான்' என்று கை தானாக எழுதிவிடும். நாவலில் இருப்பது நேர்மாறு. 16ஆம் அத்தியாயத்தில் ஹக்கைக் குடைவது, தப்பியோடும் அடிமையை இன்னும் காட்டிக்கொடுக்கவில்லையே என்ற உறுத்தல். ஜிம்மின் எஜமானி மிஸ் வாட்சன் உனக்கு என்ன கெடுதல் செய்தாள், அவள் சொத்து உன் கண்ணெதிரே கைநழுவிப் போகிறதே என்கிறது மனசாட்சி. அடிமைமுறை சட்டமாக இருந்த மிசௌரியில் ஊரும் தேவாலயமும் ஊட்டி வளர்த்த மனசாட்சி வேறெப்படிப் பேசும்? அந்த இடத்தில் 'ஊர் சொன்னது' என்று மாற்றி எழுதவும் வேண்டாம். உறுத்தல் அவன் நெஞ்சுக்குள்ளிருந்தே வருவதில்தான் பயங்கரம் இருக்கிறது.

31ஆம் அத்தியாயத்தில், ஜிம் இருக்குமிடத்தைச் சொல்லி மிஸ் வாட்சனுக்குக் கடிதம் எழுதி முடித்ததும் பாவம் கழுவப்பட்டதுபோல அவனுக்கு மனம் லேசாகிறது. பிறகு கட்டுமரத்தில் ஜிம் தன்னை எழுப்பாமல் தன் காவல் முறையையும் சேர்த்துப் பார்த்த இரவுகள் நினைவுக்கு வருகின்றன. நரகத்துக்குப் போனாலும் போகிறேன் என்று கடிதத்தைக் கிழிக்கிறான். பாவம் செய்வதாக உண்மையாகவே நம்பிக்கொண்டு கிழிக்கிறான். 'ஹக் நல்ல முடிவெடுத்தான்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும், காட்சி செத்துவிடும்.

இதற்கு அடித்தளம் 15ஆம் அத்தியாயத்தின் மூடுபனி இரவு. சாகசம் குறைவு என்பதால் முதலில் கத்தரி விழும் இடமும் அதுதான். பிரிந்து தவித்ததெல்லாம் கனவு என்று ஹக் ஜிம்மை நம்பவைக்கிறான். கட்டுமரத்தில் கிடக்கும் இலைச்சருகையும் உடைந்த துடுப்பையும் பார்த்து ஜிம்முக்கு உண்மை புரிகிறது. நண்பனை அவமானப்படுத்துகிறவன் குப்பை என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறான். மன்னிப்புக் கேட்க ஹக்குக்கு 15 நிமிடம் பிடிக்கிறது. 'உடனே கேட்டான்' என்று சுருக்காதீர்கள். அந்தக் கால்மணி நேரத்தில் ஒரு வெள்ளைக்காரப் பையன் கடந்துவந்த தூரம் இருக்கிறது.

தொகைகளையும் 'கொஞ்சம் பணம்' ஆக்கிவிட வேண்டாம். 800 டாலருக்கு விற்கப்படுவோம் என்று ஒட்டுக்கேட்டுத்தான் ஜிம் ஓடுகிறான். கட்டுமரத்தில் அம்மை நோய் என்று அஞ்சி, கிட்டே வராமலே இரண்டு ஆட்கள் தந்துவிட்டுப் போவது 40 டாலர். 'ராஜா' என்று சொல்லிக்கொள்ளும் மோசடிக்காரன் ஜிம்மை விற்பதும் 40 டாலருக்கு. எல்லாம் முடிந்தபின் ஹக்கின் நண்பன் டாம் சாயர் ஜிம்மின் கையில் வைப்பதும் அதே 40.

டாமின் கூத்தை, அதாவது எலி, பாம்பு, சிலந்தியெல்லாம் வரும், அடைபட்டிருக்கும் ஜிம்மைச் சிறைமீட்கும் பகுதியை, பாதிக்குமேல் குறைத்தாலும் நட்டமில்லை. ஆனால் மிஸ் வாட்சன் இரண்டு மாதம் முன்பே இறந்ததும், உயிலில் ஜிம்மை விடுவித்ததும் டாமுக்குத் தெரியும் என்பது இருந்தாக வேண்டும். விடுதலையான மனிதனை விளையாட்டுக்காகக் கட்டிப்போட்டது நாவலின் கடைசித் துரோகம்.

இனவசைச் சொல்லைப் பற்றியும் ஒன்று. 2011இல் அமெரிக்காவில் வந்த ஒரு பதிப்பு அதற்குப் பதிலாக 'அடிமை' என்று போட்டது. 6ஆம் அத்தியாயத்தில் ஹக்கின் அப்பன் அந்த வசையால் திட்டுவது ஓஹையோவின் சுதந்திர மனிதரான ஒரு கறுப்பினப் பேராசிரியரை. அங்கே 'அடிமை' எப்படிப் பொருந்தும்? வசை வசையாகவே ஒலிக்கட்டும். முன்னுரையில் அரைப்பக்கம் விளக்கினால் பிள்ளைகளுக்குப் புரியும்.

கடைசியாக, 9ஆம் அத்தியாயத்தில் வெள்ளத்தில் மிதந்துவரும் வீட்டில் கிடக்கும் பிணத்தின் முகத்தை ஜிம் கந்தலால் மூடி, பார்க்காதே என்கிறான். அது யார் என்பது இறுதி அத்தியாயம்வரை ஹக்குக்குத் தெரியாது. கதைமாந்தர் பட்டியலிலோ பின்னட்டையிலோ அதைப் போட்டுவிடாதீர்கள்.

அன்புடன்,
இந்நாவலின் தமிழ் வாசகர்கள் சிலர்