நற்குணத்துக்குப் புள்ளி எதற்கு?

நற்செயல் செய்யும் மாணவர்களுக்குப் புள்ளிகள் வழங்கி, ஆண்டு இறுதியில் பரிசளிக்கலாம் என்ற யோசனையை வரவேற்றுத் தாங்கள் எழுதிய தலையங்கம் கண்டேன். நோக்கம் சரி, வழிதான் இடிக்கிறது. ஒன்றரை வயதுக் குழந்தையே, பெரியவர் கைதவறவிட்ட பொருளை எடுத்துக் கொடுக்கும். உளவியலாளர்கள் ஃபெலிக்ஸ் வார்னெகன், மைக்கேல் தோமசெல்லோ 2008இல் வெளியிட்ட ஆய்வில், இப்படி உதவிய 20 மாதக் குழந்தைகளில் ஒரு பிரிவினருக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் பரிசு கொடுத்தார்கள். பரிசு நின்றதும் அவர்கள் உதவுவது குறைந்தது. எதுவுமே பெறாத குழந்தைகளோ தொடர்ந்து உதவினார்கள்.

நான் பணியாற்றிய பள்ளியிலும் வகுப்பறையில், நற்செயலுக்கு நட்சத்திரம் ஒட்டும் பலகை ஒன்று தொங்கியது. ஒருநாள் ஒரு சிறுமியின் பென்சில் பெட்டி விழுந்து எல்லாம் சிதறியது. பக்கத்திலிருந்த பையன் குனியுமுன் என்னைத்தான் திரும்பிப் பார்த்தான். நான் கவனிக்கிறேன் என்று தெரிந்த பிறகே பொறுக்கத் தொடங்கினான். (கெட்ட பையன் அல்ல, கணக்கில் கெட்டிக்காரன், அவ்வளவுதான்.) புள்ளிக்குப் பதிலாகப் பொறுப்பைக் கொடுத்துப் பார்க்கலாம். உடல்நலமின்றி வராதவருக்குப் பாடக்குறிப்பு எழுதி வைப்பது, புதிதாகச் சேர்ந்தவருடன் முதல் வாரம் கூடவே இருப்பது போன்ற வேலைகளை முறைவைத்து எல்லோருக்கும் ஒதுக்கலாம். அந்த உதவியால் எதிரில் இருந்தவருக்கு என்ன ஆனது என்று அப்புறம் வகுப்பில் பேசலாம். மதிப்பெண் பட்டியலில் இதற்கென்று ஒரு கட்டம் மட்டும் வேண்டாம்.

– ஓய்வுபெற்ற ஆசிரியை, மின்னஞ்சல் வழியாக