திடலுக்கு ஒரு பொறுப்பாளர்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டார ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வெளியேறிய நம் குடும்பங்கள் பல இன்று தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளில் இருக்கின்றன. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து வாசலில் இறங்கினாலே விளையாட ஆள் கிடைத்த காலம் போய்விட்டது. பிள்ளைகள் கைப்பேசியோடும் பெரியவர்கள் தொலைக்காட்சியோடும் பொழுதைக் கழிக்கிறார்கள். இவர்களுக்காகத்தான் எங்கள் செயற்குழு மாலை நேர விளையாட்டு, உடற்பயிற்சி நடவடிக்கைகளைத் தொடங்கியது.

இம்முறை பந்தும் வலையும் வாங்கப் பணம் கேட்கவில்லை. அவை மண்டபத்து அலமாரியில் இருக்கின்றன. எடுத்து நடத்தத்தான் ஆள் இல்லை. தொண்டூழியர்கள் மனமார உழைத்தார்கள். ஆனால் தொழிற்சாலையில் ஷிப்ட் மாறினால் அவர்கள் வர முடிவதில்லை. பிள்ளைகள் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அதனால்தான் சம்பளத்துக்கு ஒரு நடவடிக்கைப் பொறுப்பாளரை அமர்த்த முடிவு செய்தோம்.

பந்தைப் போட்டுவிட்டு ஓரமாக நிற்பதற்குச் சம்பளமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆண்டுக்கணக்கில் ரப்பர்ப் பால் எடுக்க மரம் வெட்டிய பாட்டி ஒருவருக்கு வலது கை தோளுக்கு மேல் உயராது. எல்லோரையும் போலத் தூக்கச் சொன்னால் மறுநாள் வரமாட்டார். நாற்காலியில் அமர்ந்தபடி பந்தை அடுத்தவர் மடிக்கு உருட்டச் சொன்னால் கடைசிவரை இருப்பார். ஓட்டம் என்றாலே புள்ளி எழுத ஒதுங்கும் பையனுக்கு ஆஸ்துமா இருக்கலாம். பெற்றோரிடம் முதல் நாளே விசாரித்துக் குறித்து வைத்திருக்க வேண்டும். இடி கேட்டவுடன் திடலைக் காலி செய்து, மண்டபத்துக்குள் வேறு விளையாட்டைத் தொடங்க வேண்டும். முதலுதவி தெரிந்திருக்க வேண்டும். இது தேர்ச்சி வேண்டிய தொழில்.

5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு நாளுக்குச் சராசரி 60 நிமிட உடலியக்கமும், 65 வயதைக் கடந்தவர்களுக்கு வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சியும் தேவை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஆள் வந்த வாரம் நடத்தி, வராத வாரம் விட்டுவிட்டால் இது நடக்காது.

நாட்டின் குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டும் ஊழியர் சேமநிதிக்கு முதலாளி பங்கான 13 விழுக்காடும் சேர்ந்தால் மாதம் 1,921 ரிங்கிட், ஆண்டுக்கு 23,052. சொக்சோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா, முதலுதவிப் பயிற்சி, மருந்துப் பெட்டி ஆகியவற்றையும் கணக்கிட்டு 25,000 ரிங்கிட் திரட்ட விழைகிறோம். இதற்குக் குறைத்துச் சம்பளம் கொடுக்க எங்களுக்கு மனமில்லை; கூலி குறைந்தால் என்னவாகும் என்பது தோட்டத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும்.

பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960இல், இவ்வூர் மண்ணின் மைந்தரும் அமைச்சருமான துன் சம்பந்தன் பாட்டாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டித்தான், அவர்களுக்காகத் தோட்டங்களை வாங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை வளர்த்தார். நீங்கள் தரும் பத்து ரிங்கிட்டையும் அதே மதிப்போடு பெற்றுக்கொள்வோம். மாதந்தோறும் தருவதாக ஒப்புக்கொண்டால் இன்னும் உதவியாக இருக்கும்.

ஞாயிறு காலை மண்டபத்தில் பொருளாளரிடம் தொகையைக் கொடுத்து, ரசீதைத் தவறாமல் கேட்டு வாங்குங்கள். வரவு செலவு மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். முழுத் தொகை சேராவிட்டால், சேர்ந்த வரையில் பகுதி நேரப் பொறுப்பாளரை அமர்த்தி வாரத்தில் மூன்று மாலையாவது கதவைத் திறப்போம்.

இங்ஙனம்,
செயற்குழுவினர்