வசனத்தின்மேல் எனக்குப் பசி வரக் காரணமானவர்களுக்கு

கிறிஸ்துவுக்குள் அன்பான போதகர் ஐயா அவர்களுக்கும், புதன்கிழமை வேத ஆராய்ச்சிக்குக் கூடிவரும் சகோதர சகோதரிகளுக்கும் என் ஸ்தோத்திரங்கள்.

119ஆம் சங்கீதத்தின் கடைசிப் பகுதியை நாம் வாசித்து முடித்த அன்று, எழுந்து நின்று உங்களுக்கு நன்றி சொல்ல நினைத்தேன். தொண்டை அடைத்துக்கொண்டதால் உட்கார்ந்துவிட்டேன். அன்று சொல்லாமல் விட்டதை எல்லோரும் அறியும்படி இந்த மடலில் எழுதுகிறேன்.

உங்களிடம் வருவதற்கு முன்பும் நான் வேதம் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு அதிகாரங்கள் வாசித்தால் 1,189 அதிகாரங்களையும் ஒரே வருடத்தில் முடித்துவிடலாம் என்ற கணக்கோடு, அட்டவணையில் தேதிவாரியாகக் குறியிட்டு வந்தேன். ஆனால் ஒவ்வொரு முறையும் லேவியராகமம் 13ஆம் அதிகாரத்தில், குஷ்டரோகத்தைப் பற்றிய அந்த 59 வசனங்களுக்குள் எங்கோ, நின்றுபோவேன். விட்டுப்போன நாட்கள் கடனைப்போல் ஏறிக்கொண்டே போக, வேதப் புத்தகத்தைப் பார்த்தாலே மனம் குறுகுறுத்ததே தவிர வாசிக்கும் ஆசை வரவில்லை. ஆசை இல்லாததே என் விசுவாசத்தின் குறை என்று எண்ணி, அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

ஐயா, "இன்று காலை வாசித்ததில் எந்த வசனம் உங்களோடு கூட வந்தது?" என்று நீங்கள் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. நீங்கள் கடிந்துகொள்ளவில்லை. "என் இருதயம் பொருளாசையைச் சாராமல், உமது சாட்சிகளைச் சாரும்படி செய்யும்" என்ற 119ஆம் சங்கீதத்தின் 36ஆம் வசனத்தைக் காட்டி, வசனத்தை இவ்வளவு நேசித்த சங்கீதக்காரரே அந்த நேசத்தைக் கர்த்தரிடம் கேட்டுத்தான் பெற்றார் என்றீர்கள். ஆசை வந்தபின் வாசிக்கலாம் என்று காத்திருந்த எனக்கு, ஆசையையே ஜெபத்தில் கேட்கலாம் என்பது அன்றுவரை தோன்றியதே இல்லை.

எபிரெய மொழியின் 22 எழுத்துகளுக்கும் எட்டு எட்டு வசனமாக அமைந்த அந்தச் சங்கீதத்தை, வாரத்துக்கு ஒரு பகுதியாக 22 வாரம் வாசிக்கலாம் என்று நீங்கள் சொன்னபோது, எட்டு வசனத்துக்கு ஒரு வாரமா என்றுதான் எனக்கு இருந்தது. அந்த எண்ணத்தை மாற்றியவர், கூட்டத்தில் எனக்குப் பக்கத்தில் அமரும் மூத்த சகோதரி. அம்மா, வரிக்குக் கீழே விரலை வைத்து, ஒரே வசனத்தை மெல்லிய குரலில் மூன்று நான்கு முறை சொல்லிப் பார்ப்பீர்கள். முதல் சங்கீதத்தில் "தியானம்" என்று வருகிற எபிரெயச் சொல்லுக்கு முணுமுணுத்தல் என்ற பொருளும் உண்டு என்றும், இரையைப் பிடித்த சிங்கத்தின் உறுமலுக்கு ஏசாயா அதே சொல்லைத்தான் வழங்குகிறார் என்றும் ஐயா விளக்கியபோது, உங்கள் விரலும் குரலும்தான் என் நினைவுக்கு வந்தன. "என் வாயை ஆவென்று திறந்து அவைகளுக்கு ஏங்குகிறேன்" என்ற 131ஆம் வசனத்துக்கு வந்த வாரம், நீங்கள் அதற்கு மேல் வாசிக்காமல் வெகுநேரம் அமைதியாக இருந்தீர்கள். இப்படியும் ஒருவர் வசனத்துக்காக ஏங்க முடியுமா என்று உங்களைப் பார்த்த பிறகுதான், அந்த ஏக்கத்தைக் கேட்டு நானும் ஜெபிக்கத் தொடங்கினேன்.

நான் வர முடியாத வாரங்களில் கூட்டத்தைப் பதிவு செய்து அனுப்பிய சகோதரருக்கும் என் நன்றி. என் வீட்டில் துக்கம் நேர்ந்த நாட்களில், "என் ஆத்துமா மண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது" என்று நீங்கள் எல்லோரும் சேர்ந்து வாசித்த குரலைத்தான் இரவில் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். சங்கீதம் முடிந்தபின், நான் எப்போதும் நின்றுபோகிற லேவியராகமம் 13ஆம் அதிகாரத்தை, இந்த முறை அட்டவணை இல்லாமல், அம்மா வாசிப்பதைப்போல வாய்விட்டு வாசித்தேன். குஷ்டரோகி பாளயத்துக்குப் புறம்பே தனியே குடியிருக்க வேண்டும் என்ற 46ஆம் வசனத்தைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. அப்படிப்பட்ட ஒருவனைத்தான் இயேசு கைநீட்டித் தொட்டார் என்பது நினைவுக்கு வந்ததும் மாற்கு முதலாம் அதிகாரத்தைத் திருப்பினேன். மோசே கட்டளையிட்டதைச் செலுத்தும்படி அவர் அவனை ஆசாரியனிடம் அனுப்புகிறார். அந்தக் கட்டளை என்ன என்று அறிய, லேவியராகமம் 14ஆம் அதிகாரத்துக்கு நானாகவே ஓடினேன். மணி பார்த்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது.

கிறிஸ்துவுக்குள் நன்றியுடன்,
உங்கள் கூட்டத்தில் ஒருவர்